மக்காச்சோள மூட்டையில் வண்டு, கை விட்டால் சூடு: மாத்திரை போடலாமா?

குன்னம் விவசாயி: பெரம்பலூர் பக்கம் எங்கள் ஊர். தை மாதம் அடித்த மக்காச்சோளத்தில் 30 மூட்டையை, விலை ஏறட்டும் என்று நிறுத்தி வைத்தேன். சித்திரை வந்துவிட்டது. மூட்டையைத் தூக்கினால் மாவு கொட்டுகிறது, மூக்கு நீண்ட வண்டு ஊர்கிறது. உள்ளே கை விட்டால் சூடு. மாத்திரை போட்டு அறையைச் சாத்திவிடலாமா? அடுத்த அறையில் அம்மாவும் பிள்ளைகளும் படுக்கிறார்கள்.

களத்துமேடு: போடவே போடாதீர்கள் தம்பி. அந்த மாத்திரையில் இருக்கும் அலுமினியம் பாஸ்பைடு ஈரக்காற்றுப் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகும். அதற்கு முறிமருந்து கிடையாது. கதவிடுக்கில் கசிந்தாலும் ஆள் போய்விடும். முதலில் ஈரத்தைப் பாருங்கள். காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் சோளம், இரண்டு கரண்டி உலர்ந்த தூள் உப்பு. நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் விடுங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். சேமிக்க 12 தான் நல்லது.

குன்னம் விவசாயி: சுவரோரம் இருந்த நான்கு மூட்டையில் ஒட்டியது. மற்றதில் ஒட்டவில்லை. அந்த நான்கில் பச்சைப் பூசணமும் தெரிகிறது. மாட்டுக்கு வைக்கலாமா?

தீவனக்காரர்: கூடாது. பச்சைப் பூசணம் என்றால் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு இருக்கலாம். மாடு தின்றால் பாலிலும் இறங்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. நான்கையும் தள்ளி வையுங்கள், கலந்து விற்கவும் நினைக்காதீர்கள்.

களத்துமேடு: மீதி 26 மூட்டையைத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்புங்கள். வெயிலில் வண்டு ஓடிவிடும், ஆனால் மணிக்குள் இருக்கும் புழு ஓடாது. முட்டை வண்டாக ஐந்து வாரம் போதும், தையிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்! அதனால் சலித்து, ஆறவைத்து, காற்றுப்புகாப் பையில் கட்டுங்கள். உள்ளிருக்கும் காற்றைத் தின்று தீர்த்து அவையே சாகும். இடையில் ஆசைக்குக்கூடத் திறக்காதீர்கள். ஈரச் சோளத்தை மட்டும் அப்படிக் கட்டிவிட வேண்டாம், புளித்து நாறும்.

குன்னம் விவசாயி: நன்றி அண்ணா. போன வருடச் சாக்கிலேயே பிடித்திருந்தேன், தரையில் நேராக அடுக்கியிருந்தேன்.

களத்துமேடு: அதுதான் விஷயம். சாக்குத் தையலில் போன வருட வண்டு உட்கார்ந்திருக்கும். வெந்நீரில் முக்கிக் காயப்போடுங்கள். அடுக்கும்போது மரச்சட்டம் போட்டு, சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளியே வையுங்கள்.

குன்னம் விவசாயி: தார்ப்பாய் விரித்தாயிற்று. கோழிகளைத் துரத்துவதுதான் இப்போது வேலை.