ஃப்ளை ஃபிஷிங் நாட்குறிப்பில் படம்: எதை வரைவது, எங்கே உட்கார்ந்து வரைவது?

கேள்வி (நாணல்கரை):
வணக்கம் நண்பர்களே. ஃப்ளை (கொக்கியில் இறகு, நூல் கட்டிச் செய்யும் பொய்ப்பூச்சி) வைத்து மீன்பிடிக்கப் போய்வரும் நாளெல்லாம் குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. பழைய பக்கங்களைப் புரட்டினால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது: “காலை, மேகமூட்டம், 16ஆம் எண் ஆடம்ஸ், ஒரு பிரவுன் ட்ரவுட்.” (ஆடம்ஸ் ஒரு ஃப்ளை, 16 அதன் கொக்கி அளவு; ட்ரவுட் நான் பிடிக்கும் மீன்.) படித்தால் எந்த நாளும் நினைவுக்கு வருவதில்லை. படமும் சேர்க்கலாம் என்று ஆசை. கை சுமாராகத்தான் வரையும். கரையிலேயே வரைவதா, வீட்டுக்கு வந்தா? வாட்டர்கலரா, பென்சிலா? மீனைத் தண்ணீருக்கு வெளியே வைத்துக்கொள்ளாமல் எப்படி வரைகிறீர்கள்?

பதில் (ஈரக்கை):
முதலில் மீன் படத்தை மறந்துவிடுங்கள், தண்ணீரை வரையுங்கள். என் நோட்டில் நான் திரும்பத் திரும்பத் திறப்பது ட்ரவுட் படங்களை அல்ல. அவை வந்தவர்களுக்குக் காட்டத்தான். எனக்குப் பயன்படுவது மேலிருந்து பார்ப்பதுபோலப் போட்ட கோட்டுப்படம்: இரண்டு கரை, பெரிய பாறைகள், நீரோட்டத்துக்கு அம்புக்குறி, வேகமான நீரும் மெதுவான நீரும் உரசும் இடத்துக்குப் புள்ளிக்கோடு. நான் நின்ற இடத்தில் பெருக்கல் குறி, மீன் மேலெழுந்த இடத்தில் சின்ன வட்டம். வெயில் எந்தப் பக்கம், என் நிழல் எங்கே விழுந்தது என்பதும் அதிலேயே வந்துவிடும். இதற்குக் கைத்திறமை வேண்டாம். ஒன்றுமே சிக்காத நாளிலும் தவறாமல் போடுங்கள். அடுத்த பருவத்தில் அதே மடுவுக்குப் போகும்போது அந்தப் பக்கம்தான் பேசும்.

ஓரத்தில் நீரின் வெப்பநிலை. 20 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நான் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன். அந்தச் சூட்டில் போராடிக் களைத்த ட்ரவுட்டை விட்டாலும் பிழைப்பது சந்தேகம்.

அடுத்தது பூச்சி, ட்ரவுட் தின்னும் ஆற்றுப்பூச்சி. இறக்கை வைத்திருக்கும் தோரணையைப் பிடித்தால் போதும். மேஃப்ளைக்குப் பாய்மரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும். கேடிஸுக்கு இரு பக்கமும் சரிந்து உடம்பை மூடியிருக்கும். ஸ்டோன்ஃப்ளைக்கு முதுகோடு தட்டையாகப் படிந்திருக்கும். மேஃப்ளை என்றால் வால் இழை இரண்டா மூன்றா என்று எண்ணிக்கொள்ளுங்கள். பெரிதாக்கி வரையாதீர்கள். பூச்சியைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து அதன் நீளத்துக்கே ஒரு கோடு இழுங்கள், பக்கத்தில் ஃப்ளையின் நீளத்துக்கு இன்னொரு கோடு. உங்கள் 16 பெரிதா, அதைவிடச் சிறிய 18 கட்டியிருக்க வேண்டுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மீனை வீட்டில் வரையுங்கள். வலையை நீருக்குள்ளேயே வைத்து, கையை நனைத்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒரே ஒரு போட்டோ. அவ்வளவுதான். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே ஒரு குட்டிச் சதைத் துடுப்பு இருக்கும். புதிதாக வரைகிறவர்கள் பாதிப்பேர் அதை விட்டுவிடுவார்கள், படம் ஏதோ கெண்டை மாதிரி ஆகிவிடும். பிரவுன் ட்ரவுட்டின் புள்ளிகளைச் சுற்றி வெளிறிய வளையம் உண்டு, அந்த இடத்தில் வண்ணம் படாமல் தாளை அப்படியே விட்டுவிடுங்கள். ரெயின்போ ட்ரவுட்டுக்கு வால் முழுக்கக் கரும்புள்ளி. புரூக் ட்ரவுட்டுக்குக் கீழ்த்துடுப்புகளின் முன்விளிம்பில் வெள்ளைக் கோடு. புள்ளிகளை இஷ்டத்துக்குத் தெளிக்காதீர்கள். ஒவ்வொரு மீனுக்கும் அந்த அமைப்பு தனி. அதே மீன் மறுபடி மாட்டினால் படத்தை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம்.

பதில் (தூறல்):
கரையில் ஹெச்.பி. பென்சில் மட்டும். 4பி மாதிரி மென்மையானதெல்லாம் பையில் உரசி எதிர்ப்பக்கம் முழுக்கக் கரியாகும். பல ஜெல் பேனாக்களின் மை சொட்டுத் தண்ணீர் பட்டாலே ஓடிவிடும். மழைக்கென்று விற்கிற நீர் ஒட்டாத தாளில் பென்சில் நன்றாக எழுதும், வாட்டர்கலர் ஒட்டவே ஒட்டாது. வண்ணம் தீட்ட 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த தாள் தனியாக வையுங்கள், மெல்லியது அலை அலையாகச் சுருண்டுபோகும்.

பதில் (பொன்வயிறு):
ஈரக்கை சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிறத்துக்குப் போட்டோவை நம்பாதீர்கள். ஈர உடம்பில் வானம் பளபளத்து, வயிற்று மஞ்சள் சாம்பலாகத் தெரியும். மீனை விட்ட கையோடு நிறத்தை வார்த்தையில் எழுதிவிடுவேன்: “முதுகு ஆலிவ், வயிறு வெண்ணெய் மஞ்சள், சிவப்புப் புள்ளி பக்கக்கோட்டை ஒட்டி.” அது இருந்தால் வீட்டில் வண்ணம் கலப்பது சுலபம்.

நாணல்கரை:
எல்லோருக்கும் நன்றி. மீன் எடுத்த ஃப்ளையையே பக்கத்தில் ஒட்டிவிடலாமா? அதை வரைவதுதான் பயமாக இருக்கிறது.

ஈரக்கை:
பொன்வயிறு சொல்வது சரி, இனி நானும் எழுதிவைக்கிறேன்.

ஒட்டாதீர்கள். ஈரம் காயாத கொக்கி துருப்பிடித்துக் கறை நாலு பக்கம் தாண்டி இறங்கும், நோட்டும் மூடாது. ஆசை விடாது என்றால் நன்றாகக் காயவைத்து, முள்முனையைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு, கடைசி அட்டையில் மட்டும் ஒட்டுங்கள். வரைவதற்குப் பயமே வேண்டாம், கட்டுகிற வரிசையிலேயே வரையுங்கள்: கொக்கி, வால், உடம்பு, இறக்கை, கழுத்து இறகு. ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டு எதில் கட்டியது என்று எழுதுங்கள். ஃபெசன்ட் டெயில் நிம்ஃபில் (நீருக்கடியில் வாழும் இளம்பூச்சி போலக் கட்டும் ஃப்ளை) ஆரம்பியுங்கள். அதை உருவாக்கிய ஃபிராங்க் சாயர் கட்டிய முறையில் நூலே கிடையாது, இறகிழையும் செப்புக்கம்பியும்தான். இரண்டே அம்புக்குறியில் படம் முடிந்துவிடும்.