டாஸ்காம் 38: ஒன்றரை லட்சம் கொடுக்கலாமா?

வணக்கம் நண்பர்களே. வடபழனியில் மூடிவிட்ட ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து டாஸ்காம் 38 என்ற பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அரை அங்குல டேப்பில் 8 டிராக் (தனித்தனியாகப் பதியும் ஒலித்தடங்கள்), நொடிக்கு 15 அங்குல வேகம். விற்பவர் ஒன்றரை லட்சம் ரூபாய் சொல்கிறார். நியாயமான விலைதானா?

நேற்று போய்ப் பார்த்தேன். பவர் போட்டதும் மீட்டர் விளக்குகள் எரிந்தன, மோட்டார்களும் சத்தமில்லாமல் சுற்றின. ஆனால் ரெக்கார்டிங் ஹெட்டில் டேப் உரசி விழுந்த பள்ளம் நகத்துக்குத் தட்டுப்படுகிறது. டேப்பை அழுத்தி ஓட்டும் பிஞ்ச் ரோலரின் ரப்பர் இறுகிப் பளபளவென்று கிடக்கிறது, அதை மாற்றிவிடலாம். ஹெட்தான் பயம். லேப்பிங் (ஹெட்டின் முகத்தைத் தேய்த்துச் சமமாக்குவது) செய்தால் சரியாகும் அளவா, இல்லை ஆயுளே முடிந்துவிட்டதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? சென்னையில் லேப்பிங் செய்து தருபவர் யாரையாவது தெரியுமா?

டிராக் ஒவ்வொன்றாகப் பதிந்து பார்க்க முடியவில்லை. அவரிடம் இருந்த ஒரே பழைய டேப் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. ஈரத்தை உறிஞ்சிப் பசை இளகிய டேப். ஓட்டியிருந்தால் ஹெட் முழுக்க அப்பியிருக்கும். (அதை ஓட்டிக் காட்டத்தான் அவருக்கு ஆசை, நான்தான் தடுத்தேன்.)

புது டேப்போடு சனிக்கிழமை மறுபடி போகிறேன். எட்டு டிராக்கிலும் 1 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ் டோன் பதிந்து, மீட்டர் அளவை ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன். அப்புறம் பிரேக். வேறு என்ன பார்க்க வேண்டும்? ஒரு டிராக் செத்திருந்தால் எவ்வளவு குறைத்துக் கேட்பது? இதே மெஷினை வாங்கியவர்கள், விற்றவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.