புதுப்பிப்பு: பக்கத்து ஊருக்கு விற்கும் மேட்டூர்த் தண்ணீர் – மீட்டர் கணக்கு கிடைத்தது

சேலத்துக்கு வரும் மேட்டூர்த் தண்ணீரைப் பக்கத்துப் பேரூராட்சிக்கு விற்பதால்தான் நம் தெருக்களில் முறை தள்ளிப்போகிறதா, எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) யோசனை, அதிலும் "ஏன் என்று கேட்காதீர்கள், நகல் கேளுங்கள்" என்ற குறிப்பு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, விற்பனை ஒப்பந்தமும், குழாயின் இரு முனைகளிலும் (நம் பக்கம், பேரூராட்சிப் பக்கம்) உள்ள மீட்டர்களின் மாதவாரி ரீடிங்கும் கேட்டேன். 30 நாள் கெடுவில் பதில் இல்லை. அந்தச் சட்டத்தின் 19(1) பிரிவில் முதல் மேல்முறையீடு போட்டதும் வந்துவிட்டது.

எதிர்பாராதது: பேரூராட்சி முனையில் ரீடிங் அதிகம்! வழியில் கசிந்தால் குறையத்தானே வேண்டும்? போய்ப் பார்த்தால் அங்கே பழைய சுழல் மீட்டர், முன்னால் காற்றை வெளியேற்றும் ஏர் வால்வு இல்லை. முறைவைத்துத் திறக்கும் குழாயில் தங்கிய காற்றுதான் முதலில் மீட்டரைச் சுற்றும். காற்றுக்கும் காசு. போதாக்குறைக்கு அந்த மீட்டர், குழாயைத் திறந்து மூடும் கேட் வால்வை ஒட்டியே இருக்கிறது; வால்வில் கலங்கி வரும் நீரோட்டம் ரீடிங்கைக் கெடுக்கும். மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு நீளமாவது நேர்குழாய் வேண்டும், 300 மி.மீ. குழாய்க்கு ஒன்றரை மீட்டர் நீளம். இதைச் சரிசெய்யாமல் விற்பனையை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் அந்த எண்ணைக் காட்டிப் பேசுவது வீண்.

இனிக் கேட்பவர்கள் இரு முனை ரீடிங்கையும் ஒரே தேதிக்குக் கேளுங்கள். ஒன்றில் கன மீட்டர், மற்றதில் கிலோலிட்டர் என்றிருந்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் 1,000 லிட்டர்தான்.