அப்பா எல்லா போனையும் எடுத்துப் பேசுகிறார், என்ன செய்யலாம்?

தஞ்சாவூர் மகள்:

வணக்கம். அப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவும் அவரும் ஊரில், நான் பெங்களூரில். வீட்டில் ஒரு பழைய லேண்ட்லைன், அப்பா கையில் ஒரு ஆண்ட்ராய்டு போன். காலையில் பேப்பரை விரிக்கும்போதே ஆரம்பித்துவிடும். பர்சனல் லோன் வேண்டுமா, செங்கல்பட்டுப் பக்கம் மனை இருக்கிறது, கிரெடிட் கார்டு இலவசம். அப்பா ஒருத்தரையும் விடமாட்டார், "இல்லப்பா, எனக்கு வேண்டாம், நீ சாப்பிட்டியா" என்கிற அளவுக்குப் பேசுவார். அது போகட்டும்.

போன வாரம் ஒருவன் கூப்பிட்டு, பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், உங்கள் லைஃப் சர்டிஃபிகேட் அப்டேட் ஆகவில்லை, அடுத்த மாதம் பென்ஷன் நின்றுவிடும் என்றிருக்கிறான். அப்பா பெயர், ஓய்வு பெற்ற தேதி, பிபிஓ எண் (பென்ஷன் ஆணை எண்) எல்லாமே சரியாகச் சொன்னானாம். ஓடிபி வந்ததும் அப்பா கண்ணாடியைத் தேட, ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா போனைப் பிடுங்கி கட் செய்துவிட்டார். இப்போது அப்பா அம்மாமேல் கோபமாக இருக்கிறார், "ஆபீஸ்காரங்ககிட்ட இப்படியா மரியாதை இல்லாம நடந்துக்கறது" என்று!

இதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரிந்தது? இந்தப் போன்களை மொத்தமாக நிறுத்த ஏதாவது வழி உண்டா? லேண்ட்லைனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேஷ் கவுன்ட்டர்:

முதலில் உங்கள் அம்மாவுக்கு ஒரு சபாஷ். நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், பென்ஷன்காரன்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பணியில் சேர்ந்த தேதி, ஓய்வு தேதி, பிபிஓ எண், ஆதார் வரைக்கும் கையில் வைத்துக்கொண்டு பென்ஷன்காரர்களைக் கூப்பிடுகிறார்கள் என்று மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகமே எச்சரித்திருக்கிறது. எங்கே கசிந்தது என்று தேடிக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. இத்தனை விவரம் சொல்கிறவன் ஆபீஸ்காரன்தான் என்று உங்கள் அப்பா நினைத்ததும் தப்பில்லை, அவர் காலத்தில் அந்த எண் ஒரு ஃபைலில் மட்டும்தான் இருந்தது, அந்த ஃபைலைத் திறக்கிறவர் ஆபீஸ்காரராகத்தான் இருப்பார்.

ஜீவன் பிரமாண் என்பது, பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் அந்த லைஃப் சர்டிஃபிகேட்டைக் கைரேகையோ முகமோ வைத்து எடுப்பது. யாரும் போன் போட்டு ஓடிபி வாங்கி அதை முடித்துத் தர முடியாது. நவம்பரில் வங்கிக்குப் போகலாம், இல்லாவிட்டால் தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய் வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுக்கிறார். உங்கள் அப்பாவே தபால் துறைக்காரர்! அவருக்குத் தெரிந்த தபால்காரர் ஒருவரை விட்டு "சார், போன்ல இதெல்லாம் நடக்காது" என்று சொல்ல வையுங்கள். பெண்டாட்டியும் பிள்ளையும் சொல்வதைவிட அது காதில் ஏறும்.

அப்புறம், பென்ஷன் விழும் கணக்கில் யுபிஐ வேண்டவே வேண்டாம். மருந்து, காய்கறிக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கிடக்கிற மாதிரி வேறொரு கணக்கு, அதில் மட்டும் யுபிஐ. போனது என்றால் அதோடு போகும்.

ஒருவேளை பணம் போய்விட்டால் சைபர் கிரைம் உதவி எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும், அதே மூச்சில் வங்கிக்கும் சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையின்படி, ஓடிபியை நாமே சொல்லிக் கொடுத்திருந்தால் வங்கிக்குத் தகவல் தரும்வரை போன பணம் நம் தலையில்தான், தகவல் தந்த பிறகு போனால் அது வங்கி பொறுப்பு. வீட்டில் திட்டுவார்களே என்று பயந்து ராத்திரி முழுக்கச் சொல்லாமல் இருந்துவிட்டு மறுநாள் கிளைக்கு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் பணம் கணக்கு மாறி கணக்கு மாறி எங்கேயோ போயிருக்கும். அதனால் தயவுசெய்து அப்பாவைத் திட்டாதீர்கள்.

டவர் பக்கம்:

சார் பணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் போனைப் பற்றி.

தொல்லை போன் வேறு, திருட்டு போன் வேறு. தொல்லைக்கு டிஎன்டி, அதாவது விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அப்பா போனிலிருந்து 1909-க்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ட், இடைவெளி, 0 என்று எஸ்எம்எஸ் அனுப்புங்கள். 140-இல் தொடங்கும் முறையான விளம்பர அழைப்புகள் பெரும்பாலும் அடங்கிவிடும், வங்கி ஓடிபி வழக்கம்போல வரும். ஆனால் மனை விற்கிறவர்கள் சாதாரண பத்து இலக்க எண்ணில் இருந்து கூப்பிடுவார்கள், அவர்களுக்கு டிஎன்டி எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி ஆப்பில் புகார் போடுங்கள். 2025 பிப்ரவரியில் விதியை மாற்றினார்கள், போன் வந்து 7 நாளுக்குள் புகார் கொடுக்கலாம், முன்பு 3 நாள்தான். டிஎன்டி பதிவு செய்யாதவரும் இப்போது கொடுக்கலாம். 10 நாளில் ஒரு எண்மேல் 5 பேர் புகார் கொடுத்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும். அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே எண்ணில் இருந்து வந்தால் அவரையும் போடச் சொல்லுங்கள்.

பணம் போகவில்லை, ஆனால் ஏமாற்றப் பார்த்தான் என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்று ஒரு பகுதி இருக்கிறது, உங்கள் பென்ஷன் ஆசாமியின் எண்ணை அங்கே கொடுங்கள்.

காண்டாக்டில் இல்லாத எண் எதுவும் மணியடிக்காமல் வைக்கிற செட்டிங் சில போன்களில் உண்டு. பெரியவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். சிலிண்டர்காரர் வாசலில் நின்று கூப்பிடுவார், லேபில் இருந்து ரிசல்ட் சொல்லக் கூப்பிடுவார்கள், எல்லாம் போய்விடும். ஸ்பேம் என்று திரையில் காட்டுகிற வசதி போதும்.

இன்னொன்று. கூரியர் பையன் என்று சொல்லி, *401* போட்டு ஒரு எண்ணை அடிக்கச் சொல்வார்கள். அடித்தால் நம் அழைப்பெல்லாம் அவன் போனுக்குத் திரும்பிவிடும், குரலில் வரும் ஓடிபியும் சேர்த்து. 2024 ஏப்ரலில் இருந்து இந்த மாதிரிக் குறியீட்டு வழியை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார்கள், இருந்தாலும் ஊருக்குப் போகும்போது அப்பா போனில் ##002# அடித்துவிடுங்கள். ஏதாவது ஃபார்வர்டு இருந்தால் ரத்தாகும்.

லேண்ட்லைனில் எண் தெரிகிற டிஸ்பிளே உள்ள கருவி வாங்கி மாட்டுங்கள், காலர் ஐடி வசதி இருக்கிறதா என்று எக்ஸ்சேஞ்சில் கேட்டுக்கொள்ளுங்கள். "உங்கள் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்தவும்" என்று டிராய் பெயரில் ரெக்கார்டிங் ஓடினால் வைத்துவிட வேண்டியதுதான். டிராய் யாருடைய இணைப்பையும் துண்டிப்பதில்லை.

வெட்டிப்பேச்சு வேலு:

எனக்கு இந்தப் போன் வந்தால் திருவிழாதான். "இருங்க சார், அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவேன். வந்து பார்த்தால் இன்னும் "ஹலோ ஹலோ" என்று கத்திக்கொண்டிருப்பான். அவன் நேரம் வீணானால் வேறு ஒரு அப்பா தப்பித்தார் இல்லையா?

மீனாட்சி அக்கா:

வேலு தம்பி, உனக்குச் சரி, அவங்க அப்பாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிடாதே. பேச ஆரம்பிப்பதுதான் ஆபத்தே. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், இத்தனை வருடம் எத்தனை பேரை மிரட்டியவர், அவரையே வீடியோ காலில் உட்கார வைத்துவிட்டார்கள். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்று ஒருவன், போலீஸ் உடுப்பில் இன்னொருவன். அறைக் கதவைத் தாழ் போடு, யாரிடமும் சொல்லாதே, கேமராவை அணைக்காதே. சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. பால் வாங்க வராததைப் பார்த்து கடைக்காரர் வந்து கதவைத் தட்டியதால் பிழைத்தது.

இதைத்தான் டிஜிட்டல் அரெஸ்ட் என்கிறார்கள், அப்படிச் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது, 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். விசாரணைக்கு வரச்சொல்லும் நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் காவல்துறைக்குச் சொல்லியிருக்கிறது. "யாரிடமும் சொல்லாதே" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன், இந்த ஒன்றை மட்டும் அப்பாவிடம் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அவருக்கு நினைவிருக்காது. "என் பொண்ணு ஒரு ஆபீஸர், அவகிட்ட கேட்டுட்டுத் திரும்பக் கூப்பிடறேன்" என்று சொல்லி வைக்கச் சொல்லுங்கள். அவருக்கும் மரியாதை குறைந்த மாதிரி இருக்காது.

தஞ்சாவூர் மகள்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன அந்த வரி அப்பாவுக்குப் பிடித்துவிட்டது, நான் ஆபீஸர் இல்லை என்றாலும்! தபால்காரரிடமும் பேசிவிட்டேன்.

இன்னொரு தொல்லை. யாரோ ஒருவன் வாங்கிய கடனுக்கு அப்பா எண்ணுக்கு வசூல்காரர்கள் ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் கூப்பிட்டுத் திட்டுகிறார்கள். அந்தப் பெயரில் எங்களுக்கு யாரையும் தெரியாது.

கேஷ் கவுன்ட்டர்:

ஒன்று, இந்த சிம் முன்பு அவனிடம் இருந்திருக்கும், அல்லது அவன் ஏதோ ஒரு எண்ணை ரெஃபரன்ஸ் என்று எழுதிக் கொடுத்திருப்பான். எப்படியானாலும் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்குக் கூப்பிடக்கூடாது, 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கடன் வாங்கியவனுக்கே அப்படி என்றால் சம்பந்தமில்லாத உங்கள் அப்பாவுக்கு என்ன? அடுத்த தடவை எந்த வங்கி, எந்த நிறுவனம் என்று மட்டும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், வேறு எதுவும் சொல்ல வேண்டாம், முக்கியமாக முகவரி. அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு, வந்த எண், தேதி, நேரம் போட்டு மெயில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் வங்கிப் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் ஆன்லைனிலேயே புகார் போடலாம், காசு கிடையாது. விவரம் கேட்க 14448. பெயரே சொல்லாமல் திட்டுகிறவன் என்றால் அது கடன் ஆப் கும்பலாக இருக்கும், அதற்கு ஆம்பட்ஸ்மேன் உதவமாட்டார், சைபர் கிரைமில் புகார் கொடுத்துவிடுங்கள்.