சீ இன்விசிபிலிட்டி போட்டாலும் அட்வான்டேஜ் போகாது: புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

இருபதுமுகம்:
பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கென்று கோபுரவாசி ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறார். அதில் ஒரு வரி: //சீ இன்விசிபிலிட்டி ஸ்பெல் போட்டுவிட்டால் மறைந்திருப்பவனின் அட்வான்டேஜ் தானாகவே காலி. இதில் குழப்பமே இல்லை.//

மறைந்தவர்களைப் பார்க்க வைக்கும் மந்திரம் அது. அட்வான்டேஜ் என்றால் இருபது முகப் பகடை இரண்டை உருட்டிப் பெரியதை எடுப்பது, டிஸ்அட்வான்டேஜ் என்றால் சிறியதை எடுப்பது. குழப்பமே இல்லையாம்! 2014 விதிப்புத்தகமான ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக், பின்னிணைப்பு ஏ. இன்விசிபிள் கண்டிஷனுக்கு, அதாவது மறைந்திருக்கும் நிலைக்கு, இரண்டு புள்ளிகள். மந்திரமோ தனிப் புலனோ இல்லாமல் அந்த ஆளைப் பார்க்க முடியாது என்பது முதல் புள்ளி. அவனைத் தாக்குபவர்களுக்கு டிஸ்அட்வான்டேஜ், அவன் தாக்கினால் அட்வான்டேஜ் என்பது இரண்டாவது. "அவனைப் பார்க்க முடியாதவர்களுக்கு மட்டும்" என்று இரண்டாவது புள்ளியில் எங்கே இருக்கிறது? காட்டுங்கள், வழிகாட்டியை நானே பத்துப் பேருக்கு அனுப்புகிறேன்.

கோபுரவாசி:
பேர் சொல்லி இழுத்ததற்கு நன்றி. கண்ணெதிரே நிற்பவனைக் குறிபார்க்க எதற்கு சார் டிஸ்அட்வான்டேஜ்? மறைந்தவற்றைக் கண்ணுக்குத் தெரிபவை போலவே பார்க்கலாம் என்றுதான் ஸ்பெல் சொல்கிறது. போர் அத்தியாயத்தையும் படியுங்கள். எதிரியால் உன்னைப் பார்க்க முடியவில்லை என்றால் உனக்கு அட்வான்டேஜ் என்று அங்கே காரணத்தோடு இருக்கிறது. இரண்டாவது புள்ளி அதையே நினைவூட்டுகிறது, அவ்வளவுதான்.

இருபதுமுகம்:
நினைவூட்டல் என்று நீங்கள் சொல்கிறீர்கள், புத்தகம் சொல்லவில்லை. ஃபேரி ஃபயர் என்று முதல் லெவல் ஸ்பெல் ஒன்று இருக்கிறது. அதில் சிக்கியவன் மறைந்திருப்பதால் எந்தப் பயனும் பெற முடியாது என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். சீ இன்விசிபிலிட்டி இரண்டாம் லெவல். அதில் அந்த வாக்கியம் இல்லை. எழுதத் தெரிந்தவர்கள்தானே? வேண்டும் என்ற இடத்தில் எழுதினார்கள், வேண்டாத இடத்தில் எழுதவில்லை. இரண்டாவது புள்ளி நிற்கிறது.

செங்கல்டிஎம்:
அப்படியென்றால் சீ இன்விசிபிலிட்டிக்கு எதற்கு அளவோடு கிடைக்கும் மந்திர வாய்ப்பான ஒரு இரண்டாம் லெவல் ஸ்லாட்டை வீணாக்க வேண்டும்? பார்த்து ரசிக்கவா?

இருபதுமுகம்:
மேஜிக் மிசைல், ஹோல்ட் பெர்சன் எல்லாமே "நீ பார்க்கக்கூடிய" ஆளின் மீதுதான் போட முடியும். கண்ணுக்குத் தெரியாதவன் பக்கத்திலிருந்து நழுவினால் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் கிடையாது, தெரிந்தால் உண்டு. எதிரி விசார்ட் ஸ்பெல் போடுவது தெரிந்தால்தான் அதை முறிக்கும் கவுன்டர்ஸ்பெல். ரசிக்க மட்டும் என்று சொல்வதற்கு முன் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) என்று பேர் வைத்திருப்பவர் இதையெல்லாம் கொஞ்சம் படித்திருக்கலாம்.

கோபுரவாசி:
சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். ஏன்ஷியன்ட் ரெட் டிராகனுக்கு 60 அடிக்கு பிளைண்ட்சைட் உண்டு. அந்தத் தூரத்துக்குள் எதையும் உணர அதற்குக் கண்ணே தேவையில்லை. பத்தடி தள்ளி ஒருவன் கிரேட்டர் இன்விசிபிலிட்டி போட்டுக்கொண்டு நிற்கிறான். அவனைக் கடிக்க அதற்கு டிஸ்அட்வான்டேஜா? 120 அடி ட்ரூசைட் இருக்கிற பிளானட்டாருக்கும் டிஸ்அட்வான்டேஜா? உலகத்தில் உள்ள அத்தனை மாயத்தையும் ஊடுருவிப் பார்க்கிற தேவதூதன், கையில் வாளோடு தடுமாறி நிற்கிறான். கேட்கவே சிரிப்பாக இல்லையா?

இருபதுமுகம்:
சிரிப்பு வருகிறதா என்பது விதி இல்லை. ஆம், டிஸ்அட்வான்டேஜ்தான். இரண்டாவது புள்ளி.

கோபுரவாசி:
இப்போது புரிகிறது. நீங்கள் நடத்திய போன கேம்பெயினில் (தொடர் ஆட்டத்தில்) என் விசார்ட் கதாபாத்திரத்தைக் கொன்றது இந்த இரண்டாவது புள்ளிதானே? சீ இன்விசிபிலிட்டி போட்டுக்கொண்டுதான் அந்தக் கிடங்குக்குள் போனேன். இன்விசிபிள் ஸ்டாக்கர் என்ற மறைந்தே திரியும் ஜந்து நேரெதிரே நிற்கிறது, எனக்கு நன்றாகத் தெரிகிறது. நீங்கள் திரைக்குப் பின்னால் இரண்டு பகடையை உருட்டினீர்கள். ஒன்றில் 4, இன்னொன்றில் 19. என் ஏசி, அதாவது என்னை அடிக்க எட்ட வேண்டிய எண், 15. பகடையோடு அது கூட்டும் போனஸ் 6. ஒரே பகடை என்றால் 10, அடி தப்பியிருக்கும்.

இருபதுமுகம்:
முதலில் விழுந்தது 19ஆக இருந்திருந்தால்? ஒரே பகடையில் 60 சதவீதம், இரண்டில் 84. இரண்டு வழியிலும் அடி விழத்தான் அதிக வாய்ப்பு. உங்கள் விசார்ட் செத்தது முன்வரிசையில் நின்றதால். பாலடினுக்குப் பின்னால் நில்லுங்கள் என்று எல்லாரும் கத்தினோம்.

கோபுரவாசி:
யாரும் கத்தவில்லை. நீங்கள் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தீர்கள்.

பழையபகடை:
இதற்குத்தான் இந்த விளையாட்டையே விட்டேன். 1981இல் வந்த சேம்பியன்ஸ் விளையாட்டுப் பக்கம் வாருங்கள். அங்கே சூப்பர்ஹீரோவின் ஒவ்வொரு சக்தியையும் புள்ளி கொடுத்து வாங்க வேண்டும். மறைந்துபோகும் சக்தி வாங்கினாலும் கிட்டே வந்து பார்ப்பவனுக்கு உன் விளிம்பு மங்கலாகத் தெரியும். அதுவும் தெரியக்கூடாது என்றால் இன்னும் புள்ளி செலவழி. கொடுத்த காசுக்குச் சரக்கு. சண்டையே வராது.

செங்கல்டிஎம்:
சண்டை எப்படி வரும் அண்ணே, கேரக்டர் உருவாக்கி முடிக்கும்போதே விடிந்துவிடுமே.

பழையபகடை:
கூட்டல் கழித்தல் தெரியாதவர்களுக்கு விடியத்தான் செய்யும்.

நிழல்திருடி:
பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் இதையெல்லாம் எப்போதோ பிரித்துவிட்டார்கள். பார்க்கப்பட்டவன், மறைந்தவன், இருக்குமிடமே தெரியாதவன் என்று தனித்தனி நிலை. இருக்குமிடம் தெரிந்து ஆள் தெரியாவிட்டால் டி20 (இருபது முகப் பகடை) போட்டு 11 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் அடிக்கவே வாய்ப்பு. யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதை வைத்து எல்லாம் முடிவாகிவிடும். சும்மா சொல்கிறேன்.

செங்கல்டிஎம்:
எந்த விவாதத்திலும் ஒரு பாத்ஃபைண்டர் பக்தர் "சும்மா சொல்ல" வந்துவிடுகிறார்.

இருபதுமுகம்:
வேறு விளையாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இன்னொன்று, விதிகளை வடிவமைத்த ஜெரமி கிராஃபோர்டே என் பக்கம்தான் பேசியிருக்கிறார்.

கோபுரவாசி:
அவருடைய ட்வீட்டுகள் அதிகாரபூர்வத் தீர்ப்பு அல்ல என்று விதி விளக்கங்களின் சேஜ் அட்வைஸ் தொகுப்பிலேயே போட்டிருக்கிறது. "எழுத்தில் உள்ளதுதான் விதி" என்று இவ்வளவு நேரம் குதித்தது யார்? எழுத்து உங்களுக்கு, ஆள் பேச்சும் உங்களுக்கா?

இருபதுமுகம்:
எழுத்தே போதும், பேச்சு உபரி. எழுத்தைக் காட்டி அரை நாள் ஆயிற்று, இன்னும் ஒருவர்கூட இரண்டாவது புள்ளிக்குப் பதில் சொல்லவில்லை.

கோபுரவாசி:
இதோ பதில். 2024 ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக், அதே கண்டிஷன். ஒருவனால் எப்படியோ உன்னைப் பார்க்க முடிந்தால் அவனிடம் இந்தப் பலன் உனக்குக் கிடைக்காது என்று பச்சையாக எழுதிவிட்டார்கள். நான் சொன்னதைத்தான் பத்து வருஷம் கழித்து அவர்களும் சொல்கிறார்கள்.

இருபதுமுகம்:
மிக்க நன்றி நண்பரே, என் வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். முன்பே அப்படித்தான் இருந்தது என்றால் புதிதாக ஒரு வாக்கியம் எதற்கு? 2014இல் இல்லை, அதனால் 2024இல் சேர்த்தார்கள். அந்த விசார்ட் செத்தது பழைய விதியில். நியாயமாகச் செத்தான்.

கோபுரவாசி:
தெளிவில்லாததைத் தெளிவாக்கினார்கள். அதற்குப் பேர் திருத்தம் இல்லை, விளக்கம். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவருக்கு என்ன சொன்னாலும் ஏறாது.

மட்டுறுத்துநர்:
தனிநபர் விமர்சனம் வேண்டாம். இறந்த விசார்டை விட்டுவிடுங்கள்.

கோபுரவாசி:
விட முடியாது. ஏழாம் லெவல் வரை வளர்த்தது.

நிழல்திருடி:
2024 பேச்சு வந்ததால் கேட்கிறேன். அதில் ஒளிந்துகொண்டாலே இன்விசிபிள் கண்டிஷன் வருகிறது, ஸ்டெல்த், அதாவது பதுங்கும் திறன் சோதனையில், 15 எடுத்தால் போதும். புது சீ இன்விசிபிலிட்டி அந்தக் கண்டிஷன் உள்ளவர்களைப் பார்க்க வைக்கிறது. அப்படியென்றால் பீப்பாய்க்குப் பின்னால் பதுங்கியிருக்கிற திருடியான என் ரோக், ஸ்பெல் போட்டவனுக்குத் தெரிவாளா?

கோபுரவாசி:
எப்படித் தெரியும்? பீப்பாய் நடுவில் இருக்கிறதே. ஸ்பெல் மரத்தைத் துளைக்குமா?

இருபதுமுகம்:
பீப்பாய் அவளை முழுதாக மறைத்தால் சரி. முக்கால் பாகம் மறைத்தாலே ஒளியலாம் என்றும் அதே விதி சொல்கிறது. மிச்சக் கால் பாகம் அவனுக்குத் தெரியும். எழுத்தில் அப்படித்தான்.

நிழல்திருடி:
அப்போது மந்திரத்தால் மறைந்தவளுக்கும் சும்மா பதுங்கியவளுக்கும் என்ன வித்தியாசம்? ஸ்டெல்த்தில் நான் எடுத்த 23 எதற்கு?

செங்கல்டிஎம்:
என் மேஜையில் தெரிய மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

இருபதுமுகம்:
உங்கள் மேஜையில் எதுதான் நடக்காது, சொந்தமாக வகுத்த ஹவுஸ் ரூலே நாலு பக்கம். 15 என்பது ஒளிவதற்கான இலக்கு, 23 என்பது அவளைத் தேடுபவன் பர்செப்ஷனில் (கவனிக்கும் திறனில்) எட்ட வேண்டிய இலக்கு. இரண்டையும் குழப்ப வேண்டாம். தனித் தலைப்பு தொடங்குங்கள், அங்கே வந்து எழுதுகிறேன்.