நிறுவன நிதியியல் அறிமுகப் பாடநூல்: கற்பித்தவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நிறுவன நிதியியலை முதன்முறையாகக் கற்கவிருக்கும் இளங்கலை மாணவர்களுக்கு ஒரு பாடநூலைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. அவர்களுக்குக் கணக்கியலின் அடிப்படைகள் தெரியும்; புள்ளியியலில் சராசரி, திட்டவிலக்கம் ஆகியவற்றுக்கு மேல் பழக்கமில்லை.

பிரீலியும் மையர்ஸும் எழுதி 1981-இல் முதன்முதலாக வெளிவந்த நூலின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும், அதன் பருமன் தொடக்கநிலை மாணவர்களை மலைக்க வைத்துவிடுமோ என்று தயங்குகிறேன். பெர்க், டிமார்சோ இருவரின் நூல், ஒரே விலை விதியை (ஒரே வருவாயைத் தரும் சொத்துகளின் விலை எல்லாச் சந்தைகளிலும் ஒன்றாகவே இருக்கும் என்பதை) அடித்தளமாகக் கொண்டு மதிப்பீட்டை வளர்த்துச் செல்வதால், அதையும் பரிசீலித்து வருகிறேன்.

எந்த நூலைக் கையில் எடுத்தாலும் முதலீட்டுத் தீர்மானம் பற்றிய அத்தியாயத்தைத்தான் முதலில் படித்துப் பார்க்கிறேன். 100 ரூபாய் போட்டு ஓராண்டில் 150 பெறும் திட்டம், 1,000 போட்டு 1,300 பெறும் திட்டம் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்க முடியும் எனில், உள்ளார்ந்த ஈட்டு விகிதம், அதாவது போட்ட பணத்துக்குத் திட்டம் தரும் ஆண்டு வருவாய் விழுக்காடு, முதல் திட்டத்தையே உயர்த்திக் காட்டும். ஆனால் வருங்காலத் தொகையை 10 விழுக்காட்டுத் தள்ளுபடி விகிதத்தில் இன்றைய மதிப்புக்கு மாற்றி, போட்ட பணத்தைக் கழித்தால் கிடைக்கும் நிகர இன்றைய மதிப்பு முறையே ஏறத்தாழ 36, 182 என வருவதால், இரண்டாவதே நிறுவனத்தின் மதிப்பைக் கூடுதலாக உயர்த்துகிறது. இந்த முரண்பாட்டின் காரணத்தை விளக்காமல் சூத்திரங்களை மட்டும் அடுக்கும் நூல் மாணவர்களுக்குப் பயன்படாது என்பது என் உறுதியான கருத்து.

மூலதனக் கட்டமைப்பை, அதாவது கடனும் பங்கு முதலும் கலந்திருக்கும் விகிதத்தைப் பொறுத்தவரை, அந்த விகிதம் நிறுவனத்தின் மதிப்பை மாற்றாது என்று மோடிக்லியானி, மில்லர் என்ற பொருளியலாளர்கள் 1958-இல் முன்வைத்த கருத்தை அதன் அனுமானங்களோடு தெளிவாகச் சொன்னால் போதும்.

இந்நூல்களையோ வேறு நூல்களையோ வகுப்பில் பயன்படுத்தியவர்கள், மாணவர்கள் எந்த அத்தியாயத்தில் திணறினார்கள், பயிற்சிக் கணக்குகள் படிப்படியாகக் கடினமாகின்றனவா, பழைய பதிப்பே போதுமானதா என்பவற்றைத் தெரிவித்தால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.