பழைய அலமாரியில் பசுமைக்குடில்: நாற்றுகள் படுத்துவிட்டன, உதவுங்கள்

மண்வாசம்: அவசரம். பழைய புத்தக அலமாரியைக் கொல்லையில் வைத்துப் பசுமைக்குடிலாக்கினேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது. இன்று காலை பாதி நாற்றுகள் சாய்ந்து கிடக்கின்றன. என்ன செய்யலாம்?

தொட்டிச்செடி: என்ன நாற்று? கதவு கண்ணாடியா, பிளாஸ்டிக் தாளா? தண்ணீர் எவ்வளவு?

தச்சுப்பட்டறை: அலமாரி என்ன பலகை? துகள் பலகை என்றால் ஈரத்தில் ஊறி உப்பிவிடும். பெயின்ட் பழையதாக இருந்தால் உலர்வாகச் சுரண்டாதீர்கள், ஈயம் இருக்கலாம்.

மண்வாசம்: தக்காளி, கத்தரி. கண்ணாடிக் கதவு, சாத்தியே வைத்திருக்கிறேன். தண்ணீர் இரண்டு வேளை.

வேர்முடிச்சு: காற்றுப் போக வழியில்லாத பெட்டியில் நாற்று அழுகத்தான் செய்யும். நாற்றங்கால் போடுகிறவர்களுக்கு இது அரிச்சுவடி. இந்தக் குழுவின் பழைய பதிவுகளைத் தேடிவிட்டுக் கேட்டிருக்கலாம்.

தொட்டிச்செடி: அரிச்சுவடியும் யாராவது சொன்னால்தானே தெரியும்? மண்வாசம், சாய்ந்த நாற்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு பழுப்பேறி நூலாகச் சுருங்கியிருந்தால் நாற்றழுகல். பித்தியம் போன்ற கிருமிகளுக்கு ஈர மண்ணும் அசையாத காற்றும் போதும்.

தச்சுப்பட்டறை: எனக்கென்னவோ சூடுதான் காரணம் என்று படுகிறது. கண்ணாடி வெப்பக் கதிரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

வேர்முடிச்சு: தவறு. 1909-இல் ஆர். டபிள்யூ. வுட் என்ற இயற்பியலாளர் ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும் இன்னொன்றைக் பாறையுப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். பாறையுப்பு வெப்பக் கதிரை வெளியே விட்டுவிடும். ஆனாலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, 55 டிகிரி வரை சூடாயின. சூடான காற்று மேலே போக முடியாமல் அடைபடுவதுதான் முக்கியக் காரணம்.

தச்சுப்பட்டறை: சரி, எப்படிப் பார்த்தாலும் துளை போட்டாக வேண்டும். பின்பலகையில் மேலே இரண்டு, கீழே இரண்டு, உள்ளங்கை அகலத்துக்கு. கொசுவலை அடித்துவிடுங்கள்.

தொட்டிச்செடி: சாய்ந்தவை பிழைக்காது, மண்ணோடு எடுத்துவிடுங்கள். மற்றவற்றுக்கு மேல்மண் காய்ந்த பிறகு, தட்டில் அடியிலிருந்து தண்ணீர் காட்டுங்கள். பகலில் கதவைத் திறந்தே வையுங்கள்.

மண்வாசம் (நான்கு நாள் கழித்து): தண்டு நூல் மாதிரிதான் இருந்தது. பின்பலகையையே கழற்றிவிட்டு வலை அடித்தேன். கத்தரி 11 நிற்கிறது. தக்காளி மறுபடி விதைத்தாயிற்று. நன்றி.

தச்சுப்பட்டறை: பின்பலகை இல்லாமல் அலமாரி ஆடுமே? குறுக்கே ஒரு சட்டம் அடித்தீர்களா?